பாரிஸில் பெர்த் மொரிசோ: ஒரு வியாழக்கிழமைக்கான முழு வழிகாட்டி

திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். பாரிஸில் பெர்த் மொரிசோவின் ஓவியங்கள் இருக்கும் மூன்று முக்கிய அருங்காட்சியகங்களுக்கும் அன்று விடுமுறை. இது தெரியாமல் முதல் தடவை போய், சாத்திய கதவைப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த பூங்காவில் குழந்தைகள் விளையாடுவதை வேடிக்கை பார்த்துத் திரும்பியவன் நான். தவறு முழுக்க என்னுடையது. இணையதளத்தில் முதல் வரியிலேயே போட்டிருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை.

போவதென்றால் வியாழக்கிழமை போங்கள். அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று கடிகாரத்தைப் பற்றியது, மற்றொன்று மொரிசோ வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பற்றியது. இரண்டையும் அதனதன் இடத்தில் சொல்கிறேன்.

யார் இவர்?

பெர்த் மொரிசோ 1841-இல் பிரான்சின் பூர்ஜ் நகரில் பிறந்தார். அப்பா உயர் அரசு அதிகாரி. பிறகு குடும்பம் பாரிஸின் மேற்கு ஓரத்திலிருந்த பாஸி பகுதிக்கு வந்து சேர்ந்தது. வீட்டுப் பெண்களில் பெர்த்தும் அக்கா எட்மாவும் ஓவியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அரசின் நுண்கலைக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. 1897-இல்தான் அந்தக் கதவு திறந்தது. அதற்குள் மொரிசோ இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதனால் ஆசிரியர் வீட்டுக்கு வந்தார், சகோதரிகள் லூவ்ருக்குப் போய்ப் பழைய மேதைகளைப் படியெடுத்துப் பழகினார்கள். ஆசிரியராக இருந்த குய்ஷார், இவர்களுடைய அம்மாவை முன்கூட்டியே எச்சரித்தார்: இந்தப் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தால் அது பொழுதுபோக்கோடு நிற்காது, ஓவியர்களாகவே ஆகிவிடுவார்கள், உங்களைப் போன்ற குடும்பத்தில் அது பெரிய விபரீதம் என்று. அம்மா அசரவில்லை.

அடுத்து நிலக்காட்சி ஓவியர் கொரோவிடம் பயிற்சி. 1864-இல் அரசு ஆதரவு பெற்ற சலோன் கண்காட்சியில் சகோதரிகள் இருவரின் ஓவியங்களும் இடம்பெற்றன. ஐந்து ஆண்டுகள் கழித்து எட்மா ஒரு கடற்படை அதிகாரியைத் திருமணம் செய்துகொண்டு தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். பெர்த் வைக்கவில்லை. 1874 ஏப்ரலில், புகைப்படக்காரர் நதார் விட்டுப்போன ஸ்டுடியோவில் மோனே, ரெனுவார், தெகா முதலிய ஓவியர்கள் சொந்தமாக ஒரு கண்காட்சி நடத்தினார்கள். பிற்காலத்தில் முதலாவது இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சி என்று பெயர் வாங்கியது இதுதான். கண நேர ஒளியை வேகமான தீற்றல்களில் பிடிக்கும் பாணிதான் இம்ப்ரெஷனிசம். ஏறக்குறைய முப்பது பேர் பங்கேற்ற அதில் பெண் இவர் ஒருவரே. அந்தக் குழு மொத்தம் எட்டுக் கண்காட்சிகள் நடத்தியது. ஏழில் மொரிசோ இருந்தார். விட்டது 1879-ஆம் ஆண்டுக் கண்காட்சியை மட்டும், அதற்குச் சில மாதங்கள் முன்பு மகள் ஜூலி பிறந்திருந்தாள்.

பெயர்க் குழப்பம் ஒன்றை இங்கேயே தீர்த்துவிடலாம். மனே வேறு, மோனே வேறு. இருவரும் ஓவியர்கள். எதுவார் மனே மொரிசோவின் நண்பர், பிறகு கணவரின் அண்ணன். மோனே தாமரைக் குளம் வரைந்தவர். நாம் முதலில் போகப்போகும் அருங்காட்சியகத்தின் பெயரில் மோனே இருக்கிறார், சுவரில் இருவருமே இருக்கிறார்கள். இன்னொன்று: மொரிசோ என்ற பெயரைப் பிரெஞ்சில் எழுதும்போது கடைசியில் ஒரு ‘ட்’ வரும், ஆனால் அது ஒலிக்காது. அதை அழுத்திச் சொல்லிக் காவலரிடம் வழி கேட்டால் ஒரு கணம் விழிப்பார்.

எதை முதலில் பார்ப்பது: ஒரு பிடிவாதம்

பெரும்பாலோர் நேராக ஓர்சே அருங்காட்சியகத்துக்குத்தான் போகிறார்கள். அங்கே மனே வரைந்த ‘பால்கனி’ இருக்கிறது. பச்சைக் கம்பிக்குப் பின்னால், வெள்ளை உடையில், கையில் விசிறியோடு, கரிய கண்களால் எங்கோ வெறித்தபடி உட்கார்ந்திருப்பவர் மொரிசோ. பிறகு மனேயின் ‘வயலட் மலர்க்கொத்துடன் பெர்த் மொரிசோ’. இரண்டையும் பார்த்தவருக்கு மொரிசோ என்றால் அந்த முகம் என்றாகிவிடும். அதற்கப்புறம் அவர் வரைந்தவற்றைப் பார்த்தால் ‘அந்த அழகி ஓவியமும் வரைவாராமே’ என்ற அளவில்தான் மனம் நிற்கும். எனக்கே அப்படித்தான் ஆனது, அதிலிருந்து மீள இன்னொரு பயணம் தேவைப்பட்டது.

மனேக்காக மொரிசோ பத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களில் அமர்ந்தார். 1874 டிசம்பரில் மனேயின் தம்பி யூஜெனைத் திருமணம் செய்துகொண்ட பிறகு ஒன்றிலும் அமரவில்லை. ஆகவே நான் சொல்லும் வழி தலைகீழானது. காலையில் அவர் கையால் வரைந்தவை, நடுவில் அவருடைய வீடும் கல்லறையும், கடைசியில் மாலையில் ஓர்சே. அங்கும் மனே கடைசியில்தான்.

முதல் படி: ஊரில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

ஓர்சேவுக்கு நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் எடுங்கள். வியாழக்கிழமை இரவு 9.45 வரை திறந்திருக்கும், மாலை 6 மணிக்கு மேல் நுழைபவர்களுக்குக் கட்டணமும் குறைவு. மார்மொத்தான் மோனே அருங்காட்சியகம் மற்ற நாள்களில் மாலை 6 மணியோடு மூடிவிடும், வியாழனன்று 9 வரை திறந்திருக்கும். வியாழனுக்கு முதல் காரணம் இதுதான்: காலையில் ரயில் தாமதமானாலும், தலைவலி வந்தாலும், நாள் கைவிட்டுப் போகாது.

பல அருங்காட்சியகங்களுக்குச் செல்லும் ‘மியூசியம் பாஸ்’ வாங்கினால் ஓர்சே அதில் அடங்கும், மார்மொத்தான் அடங்காது. மார்மொத்தான் அரசு அருங்காட்சியகம் இல்லை, பிரெஞ்சு நுண்கலை அகாதெமிக்குச் சொந்தமானது. மாதத்தின் முதல் ஞாயிறு ஓர்சேவில் இலவசம். காசு மிச்சம்தான், ஆனால் அன்றைக்கு அங்கே பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் முதுகுகள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், நீங்கள் பார்க்க விரும்பும் ஓவியம் சுவரில் இருக்கிறதா என்று பார்ப்பது. மொரிசோவின் ஓவியங்கள் இரவலாக நாடு நாடாகப் போய்க்கொண்டே இருக்கும். ஓர்சேவின் இணையதளத்தில் ஓவியரின் பெயரைத் தேடினால், ஒவ்வொரு ஓவியத்தின் பக்கத்திலும் அது இப்போது எந்த அறையில் இருக்கிறது, அல்லது காட்சியில் இல்லை என்ற குறிப்பு இருக்கும். பாஸ்டல் (வண்ணக் கட்டியால் தீட்டியவை), நீர்வண்ண ஓவியங்கள் ஒளி பட்டால் மங்கும் என்பதால் அவற்றை நெடுநாள் வெளியே வைப்பதில்லை. பாஸ்டலை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

மெட்ரோவுக்கு ஆளுக்கொரு நவிகோ ஈஸி அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் அட்டையை இருவர் மாற்றி மாற்றித் தேய்த்துப் போக முடியாது. பெரிய பையை அறையிலேயே விட்டுவிடுங்கள். ஓர்சேவில் பயணப்பெட்டி அளவுள்ளவற்றை உள்ளே விடுவதில்லை.

இரண்டாம் படி: காலை 10 மணி, மார்மொத்தான்

ஒன்பதாம் தட மெட்ரோவில் லா முயெத் நிலையத்தில் இறங்குங்கள். ரான்லா பூங்காவின் ஓரமாகப் பத்து நிமிட நடை. மரங்களுக்கு அப்பால் தெரியும் மாளிகைதான். முன்பு அது ஒரு பிரபுவின் வேட்டை மாளிகை. பிறகு மார்மொத்தான் குடும்பம் வாங்கி, மகன் பால் மார்மொத்தான் அதை அகாதெமிக்கு எழுதிவைக்க, 1934-இல் அருங்காட்சியகமானது.

உலகின் மிகப் பெரிய மொரிசோ தொகுப்பு இங்கே இருப்பதற்குக் காரணம், அந்த ஓவியங்கள் குடும்பத்தை விட்டு வெளியே போகவில்லை என்பதுதான். மொரிசோ இறந்தபோது அவர் வரைந்தவற்றில் பெரும்பகுதி வீட்டிலேயே இருந்தது. மகள் ஜூலி அவற்றைக் காத்தார். ஜூலியின் மகன் தெனி ருவார், அவர் மனைவி ஆன்னி ஆகியோர் வழியாக 1990-களில் அவை இங்கே வந்து சேர்ந்தன. மூன்று தலைமுறை ஒரு வீட்டுச் சுவரில் தொங்கிய படங்கள் என்ற நினைப்போடு உள்ளே போங்கள். பார்க்கும் கண் கொஞ்சம் மாறும்.

கூட்டம் நேராக மோனேயின் ‘இம்ப்ரெஷன், உதய சூரியன்’ இருக்கும் பக்கம் போகும். போகட்டும். இம்ப்ரெஷனிசம் என்ற பெயரே அந்த ஓவியத்தின் தலைப்பிலிருந்து வந்தது, பார்க்காமல் வர முடியாதுதான். ஆனால் காலை முதல் மணி நேரம் மொரிசோவின் அறை கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். அதை வீணாக்காதீர்கள். தற்காலிகக் கண்காட்சிகளுக்காக அறைகளை மாற்றுவார்கள், நுழைவிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

பார்ப்பதற்கு ஒரு முறை சொல்கிறேன். மொரிசோவின் ஓவியங்கள் பெரும்பாலும் சிறியவை, நம் வீட்டுச் சுவரில் சாமி படம் மாட்டுகிற அளவுதான். முதலில் நாலைந்து அடி தள்ளி நின்று ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காவலர் முறைக்காத தூரம் வரை கிட்டே போங்கள். ஆடை, இலை, விரல் எல்லாம் கலைந்து கோடுகளாகிவிடும். அப்புறம் மெதுவாகப் பின்வாங்குங்கள். எந்த இடத்தில் கோடுகள் மறுபடி விரலாகச் சேர்கின்றன என்பதைக் கவனியுங்கள். அந்த இடம் ஓவியத்துக்கு ஓவியம் வேறுபடும், அதைத் தேடுவதில்தான் சுவை.

தொடங்க வேண்டிய ஓவியம் 1885-ஆம் ஆண்டு வரைந்த தன்னுருவப்படம். அப்போது அவருக்கு 44 வயது. நரை ஓடிய கூந்தலை மேலே வாரிக் கட்டியிருக்கிறார். பழுப்பு மேலங்கி, கழுத்தில் கறுப்புத் துணி, மார்பில் ஒரு பூ. கிட்டே போனால் அந்தப் பூ சில வேகமான தீற்றல்கள் மட்டுமே, இதழ் என்று எதையும் காட்ட முடியாது. கையிலிருக்கும் வண்ணத்தட்டும் இரண்டு மூன்று இழுப்புகளில் முடிந்துவிட்டது. பின்னணியில் பெரும்பகுதிக்கு வண்ணமே இல்லை, துணியின் நிறம் அப்படியே தெரிகிறது. முகம் மட்டும் நிலைத்து நின்று, நேராக நம்மைப் பார்க்கிறது. அந்தப் பார்வையில் கெஞ்சலும் இல்லை, அழைப்பும் இல்லை. வேலைக்கு நடுவில் நாம் குறுக்கிட்டுவிட்டோம் என்பது போல இருக்கிறது.

‘முடிக்காமல் விட்டுவிடுகிறார்’ என்பது அவர் காலத்து விமர்சகர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குறை. இந்த ஓவியத்தின் முன் நின்று அந்தக் குறை சரியா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். என் கட்சி வேறு. கோலம் போடுகிறவருக்கு எந்தப் புள்ளியில் கையை எடுக்க வேண்டும் என்று தெரிவது போல, இவருக்கும் தெரிந்திருக்கிறது.

அடுத்து ‘வைட் தீவில் யூஜென் மனே’, 1875. தேனிலவுக்கு இங்கிலாந்துப் பக்கம் போன இடத்தில் வரைந்தது. கணவர் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து சன்னல் வழியாகத் துறைமுகத்தைப் பார்க்கிறார். வெளியே ஒரு பெண்ணும் சிறுமியும். திரைச்சீலை, சன்னல் சட்டம், பூந்தொட்டிகள், வேலி, அதற்கப்பால் படகுகள் என்று அடுக்கு அடுக்காகக் காட்சி விலகிப்போகிறது. யூஜென் பொறுமையில்லாத மாடல், சீக்கிரம் சலித்துவிடுகிறார் என்று அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் மொரிசோ அலுத்துக்கொண்டார். பொதுவாக ஆண் வரைவான், பெண் சன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். இங்கே வீட்டுக்குள் உட்கார்ந்து வெளியே ஏக்கமாகப் பார்ப்பவர் கணவர். தூரிகை மனைவியின் கையில்.

அதே யூஜென், 1881-இல் பூஜிவால் தோட்டத்தில், மடியில் பொம்மைகளை வைத்துக்கொண்டு மகளோடு உட்கார்ந்திருக்கும் ஓவியமும் இங்கே உண்டு. அந்தக் காலத்துப் பிரெஞ்சு ஓவியத்தில் பிள்ளையை வைத்து விளையாட்டுக் காட்டும் தகப்பனைத் தேடிப் பாருங்கள், எத்தனை அரிது என்று தெரியும்.

‘பால் நடனத்தில்’ என்ற 1875-ஆம் ஆண்டு ஓவியத்துக்கு ஒரு சாகசக் கதை இருக்கிறது. (இந்தப் ‘பால்’ கறந்த பால் இல்லை, நடன விருந்து.) 1985 அக்டோபரில் துப்பாக்கியோடு இந்த அருங்காட்சியகத்துக்குள் புகுந்தவர்கள் ‘உதய சூரியன்’ உட்பட ஒன்பது ஓவியங்களைக் கொண்டுபோனார்கள். அதில் இதுவும் ஒன்று. ஐந்து ஆண்டுகள் கழித்துக் கோர்சிகா தீவில் கிடைத்தன. அந்தப் பெண் பிடித்திருக்கும் விசிறியைப் பார்க்கும்போதெல்லாம் அவள் ஐந்து வருடம் எந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ என்று தோன்றும்.

கடைசியாக ‘ஜூலி மனேயும் அவளுடைய நாய் லாயெர்த்தும்’, 1893. இதன் முன் அவசரப்படாதீர்கள். முந்தைய ஆண்டுதான் யூஜென் இறந்திருந்தார். பதினான்கு வயது ஜூலி இருண்ட துக்க உடையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒல்லியான வேட்டை நாய், கவிஞர் மலார்மே கொடுத்தது. சுவரில் ஜப்பானிய அச்சுப்படம். இடது பக்கம் ஒரு காலி நாற்காலி. அதைத் திடமாக வரையாமல் வெறும் கோட்டுருவமாக விட்டிருக்கிறார், பின்னாலிருக்கும் தரை அதன் வழியே தெரிகிறது. அந்த நாற்காலி யாருடையது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் எதுவும் சேர்க்கவில்லை. போய்ப் பாருங்கள்.

‘செர்ரி மரம்’ என்ற 1891-ஆம் ஆண்டுப் பெரிய ஓவியத்தையும் அதன் முன்வரைவுகளையும் சேர்த்துப் பார்க்க நேர்ந்தால், ‘தூரிகை போன போக்கில் வரைந்தார்’ என்ற எண்ணம் உடைந்துவிடும். ஏணியில் நிற்கும் பெண் கையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதற்கு அத்தனை ஒத்திகை பார்த்திருக்கிறார்.

இங்கே மனே வரைந்த மொரிசோவும் ஒன்று உண்டு, சாய்ந்து படுத்திருக்கும் 1873-ஆம் ஆண்டுச் சிறு ஓவியம். முழு உருவமாக வரைந்ததை மனே தானே வெட்டி மார்பளவாக்கியது. நம் திட்டப்படி இதற்கு இப்போது அனுமதி இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: சாப்பாடு, கல்லறை, வீடு

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ரொட்டி சாண்ட்விச் சாப்பிடுவதே இந்தப் பகுதிக்கு ஏற்ற மதிய உணவு. சுற்றியுள்ள ஓட்டல்கள் பணக்காரப் பேட்டையின் விலையில் இருக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. மீன் வந்து நிற்கும், மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள்.

லா முயெத்திலிருந்து அதே ஒன்பதாம் தடத்தில் இரண்டாவது நிலையம் த்ரோகதேரோ. எல்லோரும் ஈஃபில் கோபுரத்தைப் படம்பிடிக்க ஒரு பக்கம் ஓடுவார்கள், பைகளை அங்கே பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எதிர்ப்பக்கம் திரும்பினால் உயரமான மதில் தெரியும். பாஸி கல்லறைத்தோட்டம். நுழைவு இலவசம். வாசலில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு மனே குடும்பக் கல்லறையைத் தேடுங்கள். மேலே எதுவார் மனேயின் மார்பளவுச் சிலை இருப்பதால் அடையாளம் காண்பது எளிது.

எதுவார், அவர் மனைவி சூசான், யூஜென், பெர்த் நால்வரும் ஒரே இடத்தில். மொரிசோவின் பெயருக்குக் கீழே பொறித்திருப்பது ‘யூஜென் மனேயின் கைம்பெண்’. இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் ‘தொழில் இல்லை’ என்று எழுதினார்கள். ஏழு கண்காட்சிகள், நானூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள், தொழில் இல்லை. இந்த ஒரு வரியைப் படித்த பிறகுதான் காலையில் பார்த்த தன்னுருவப்படத்தில் அவர் வண்ணத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தது எனக்கு உறைத்தது.

1895 மார்ச் 2 அன்று நுரையீரல் அழற்சியால் இறந்தார். காய்ச்சலில் கிடந்த மகளுக்குப் பணிவிடை செய்யப்போய் அவருக்கும் தொற்றியது. வயது 54. மறு வருடம் அவருடைய ஓவியங்களுக்கு நடந்த பெரிய நினைவுக் கண்காட்சியில் படங்களைச் சுவரில் மாட்டியவர்கள் தெகா, மோனே, ரெனுவார், கூடவே பதினேழு வயது ஜூலி. அறிமுகவுரை எழுதியவர் மலார்மே.

கால் வலிக்காவிட்டால் இங்கிருந்து கால் மணி நேரம் நடந்து பால் வலேரி தெருவுக்குப் போகலாம். மொரிசோ காலத்தில் அதன் பெயர் வில்ஜுஸ்த் தெரு. 40-ஆம் எண் வீடு பெர்த்தும் யூஜெனும் 1880-களில் கட்டியது. வியாழனுக்கு இரண்டாவது காரணம் இந்த வீடு. வியாழக்கிழமை இரவுகளில் இங்கே மொரிசோ நண்பர்களுக்கு விருந்து வைப்பார். தெகா வருவார், ரெனுவார் வருவார், மலார்மே வருவார். மதுக்கடைகளில் கூடிப் பேசிய ஆண் ஓவியர்களோடு போய் உட்கார அவர் நிலையிலிருந்த பெண்ணுக்கு வழியில்லை. அதனால் கூட்டத்தைத் தன் மேசைக்கு வரவழைத்துக்கொண்டார்.

பிற்காலத்தில் மொரிசோவின் அக்கா மகளை மணந்த கவிஞர் பால் வலேரி இந்த வீட்டில் வாழ்ந்ததால் தெருவுக்கு அவர் பெயர் வந்தது. வீட்டுக்குள் போக முடியாது. மக்கள் குடியிருக்கிறார்கள், தெருவிலிருந்து பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். நடக்க மனமில்லாதவர்கள் இதைத் தாராளமாக விட்டுவிடலாம்.

நான்காம் படி: பெத்தி பலே, ஒரு மணி நேரம்

விக்தோர் ஹ்யூகோ நிலையத்தில் இரண்டாம் தடம் பிடித்து எத்துவாலில் முதலாம் தடத்துக்கு மாறி, ஷாம்ஸ் எலிசே – கிளெமன்சோவில் இறங்குங்கள். பெத்தி பலே அருங்காட்சியகத்தின் நிரந்தரத் தொகுப்புக்குக் கட்டணம் கிடையாது. மொரிசோவின் ‘கூந்தலில் பூ’ என்ற 1893-ஆம் ஆண்டு ஓவியம் இங்கே இருக்கிறது. ‘பூங்காவில்’ என்ற பாஸ்டலும் இந்தத் தொகுப்பைச் சேர்ந்ததுதான், வெளியே வைத்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இன்னொரு இம்ப்ரெஷனிஸ்ட் பெண் ஓவியரான மரி பிராக்மோனின் ‘சிற்றுண்டி’யையும் பார்த்துவிடுங்கள். கட்டடத்தின் நடுவிலுள்ள தோட்டத்தில் ஒரு காப்பி குடித்துக் காலை நீட்டிக்கொள்வது இந்தப் படியின் உண்மையான நோக்கம் என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபமில்லை. மாலை 6 மணிக்கு மூடிவிடுவார்கள்.

வெளியே வந்து மூன்றாம் அலெக்சாந்தர் பாலத்தைக் கடந்து இடப்பக்கம் திரும்பி, ஆற்றோரமாகவே இருபது நிமிடம் நடந்தால் ஓர்சே.

ஐந்தாம் படி: மாலை, ஓர்சே

1900-இல் ரயில் நிலையமாகத் திறந்து, 1986-இல் அருங்காட்சியகமான கட்டடம். உள்ளே நுழைந்ததும் கீழ்த்தளத்தில் மயங்கி நிற்காமல் ஐந்தாம் தளத்துக்கு ஏறிவிடுங்கள். இம்ப்ரெஷனிஸ்ட் கூடம் அங்கேதான். சுற்றுலாக் குழுக்கள் மாலையில் கிளம்பிவிடுவதால் ஏழரை மணிக்கு மேல் மூச்சுவிட இடம் கிடைக்கும். மொரிசோவுக்கென்று ஒரு முழு அறையை எதிர்பார்க்காதீர்கள். மற்றவர்களுக்கு நடுவே இரண்டு, மூன்று என்று சிதறித்தான் இருப்பார்.

‘தொட்டில்’, 1872. இதற்காக மட்டுமே பாரிஸ் போகலாம் என்பேன். அகலம் ஒன்றரை அடி, உயரம் இரண்டடிக்கும் குறைவு. அக்கா எட்மா, தூங்கும் கைக்குழந்தை பிளான்ஷைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எட்மாவின் இடக்கை மடங்கி முகத்தைத் தாங்குகிறது. தொட்டிலுக்குள் குழந்தையின் கையும் அதேபோல மடங்கியிருக்கிறது. அம்மா கண்ணிலிருந்து குழந்தையின் மூடிய கண் வரை ஒரு சாய்கோடு இறங்குகிறது. மறுகையால் எட்மா தொட்டிலின் மெல்லிய வலையை இழுத்துப் பிடித்திருக்கிறாள். கவனியுங்கள்: அந்த வலை அவளுக்கும் குழந்தைக்கும் நடுவில் இல்லை, நமக்கும் குழந்தைக்கும் நடுவில் இருக்கிறது.

இப்போது கிட்டே போங்கள். வலைக்கு வெள்ளை என்று நினைத்திருப்பீர்கள். சாம்பல், நீலம், இளஞ்சிவப்பு என்று பல வெள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இழுபட்டிருக்கின்றன. அடியில் குழந்தையின் முகம் மங்கலாக, ஆனால் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. மெல்லிய துணி வழியே ஒரு முகத்தைக் காட்டுவது எவ்வளவு கடினம் என்பது வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வண்ணம் கொஞ்சம் கூடினால் துணி சுவராகிவிடும், குறைந்தால் துணியே இல்லாமல் போகும்.

எட்மாவின் முகத்தில் பாசம் மட்டும்தான் இருக்கிறதா? கூடவே உட்கார்ந்து வரைந்து, சலோனில் தன்னோடு இடம்பெற்று, கல்யாணத்தோடு நிறுத்திவிட்ட அக்காவைத் தங்கை வரைகிறாள் என்பது நமக்குத் தெரியும். களைப்பு, ஏதோ யோசனை, அன்பு என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று தெரிகிறது. 1874 கண்காட்சியில் இது விற்கவில்லை. குடும்பத்திலேயே இருந்து 1930-இல்தான் லூவ்ர் வாங்கியது.

‘வண்ணத்துப்பூச்சி வேட்டை’, ‘கோதுமை வயலில்’ இரண்டும் பக்கத்தில் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் தங்க நிற வயலுக்குப் பின்னால் ஆலைப் புகைபோக்கிகள் நிற்பதைத் தவறவிடாதீர்கள். வீட்டுக்குள்ளேயே வரைந்தவர் என்ற பேச்சுக்கு அது நல்ல பதில்.

‘நடன உடையில் இளம்பெண்’, 1879. வெற்றுத் தோளும் வெள்ளை உடையும் பின்னாலுள்ள செடிகளும் எங்கே பிரிகின்றன என்று சொல்ல முடியாதபடி கலந்திருக்கும். 1894-இல் மலார்மேயின் முயற்சியால் பிரெஞ்சு அரசு இதை வாங்கியது. ஓவியர் கய்யபோத் தன் பெரும் தொகுப்பை அரசுக்கு எழுதிவைத்தபோது அதில் மொரிசோ ஒன்றுகூட இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மலார்மே மெனக்கெட்டார். வாழும்போதே அரசின் சுவரில் இடம்பிடித்துவிட்டார், ஓர் ஆண்டு இடைவெளியில்.

ஒரே மூச்சில் மேரி கசாத்தின் ‘தோட்டத்தில் இளம்பெண்’, ஏவா கொன்சாலேஸின் நாடக அரங்கு ஓவியம் ஆகியவற்றையும் தேடலாம். நேரம் இருந்தால் மட்டும்.

இப்போது மனே. ‘பால்கனி’ முன் போய் நில்லுங்கள். பகல் முழுவதும் மொரிசோ பார்த்ததைப் பார்த்துவிட்டு, அவரை வேறொருவர் எப்படிப் பார்த்தார் என்று பாருங்கள். பிறகு ‘வயலட் மலர்க்கொத்துடன்’, 1872. கறுப்புத் தொப்பி, கறுப்பு உடை, ஒரு பக்கம் மட்டும் ஒளி விழும் முகம். மாபெரும் ஓவியம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கண்களைப் பாருங்கள், கன்னங்கரேலென்று இருக்கின்றன. மொரிசோவின் கண்கள் பச்சை. படத்துக்குக் கறுப்பு தேவைப்பட்டது, மனே கறுப்பாக்கிவிட்டார்.

நேரம் குறைவானவர்களுக்கு

ஒரே நாளில் இத்தனை நடக்க முடியாது என்றால் மார்மொத்தானையும் பாஸியையும் ஒரு நாள், மற்ற இரண்டையும் மறுநாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மொத்தமே மூன்று மணி நேரம்தான் என்றால் மார்மொத்தான் மட்டும் போதும். ‘தொட்டில்’ விட்டுப்போன வருத்தம் இருக்கும், அடுத்த தடவைக்கு ஒரு காரணம் ஆகும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் அதுவே நல்லது. சிறிய கட்டடம், எதிரிலேயே பூங்கா, நாயும் பொம்மையும் உள்ள படங்கள்.

ஓர்சேவில் மூடுவதற்கு அரைமணி நேரம் முன்பே காவலர்கள் அறைகளைக் காலி செய்யத் தொடங்குவார்கள். அதற்குள் மனேயை விட்டுவிட்டு ஐந்தாம் தளத்தில் ‘தொட்டில்’ முன் இன்னொரு முறை நின்றுவிடுங்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் நீங்களும் ஒரு காவலரும்தான் இருப்பீர்கள். அங்கிருந்து சோல்ஃபெரினோ மெட்ரோ நிலையம் ஐந்து நிமிட நடை. பன்னிரண்டாம் தடம் நள்ளிரவு வரை ஓடும்.